‘கல்யாணம் ஆனா நாயை என்ன பண்ணுவீங்க?’

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்டுல பாதி ஒரே புலம்பல்தான். “நாய் தத்தெடுக்கணும்னு ஆசையா போனேன். பொண்ணு கேட்டுப் போன மாதிரி விசாரிக்கிறாங்க. சம்பளம் என்ன, சொந்த வீடா, வீட்டுல யாரு இருக்காங்க... நாய் கொடுக்கத்தானே இருக்காங்க, அப்புறம் எதுக்கு இவ்வளவு கேள்வி?”

நியாயமான கேள்விதான். ஏன்னா எந்தக் காப்பகத்துக்குப் போனாலும் இடம் நிரம்பி வழியுது. உள்ள வர்ற நாய் அதிகம், வெளிய போற நாய் கம்மி. ப்ளூ கிராஸ் மாதிரி பெரிய அமைப்பா இருந்தாலும் சரி, ரெண்டு மூணு பேர் சேர்ந்து சொந்தக் காசுல நடத்துறதா இருந்தாலும் சரி, கதை இதுதான். அப்படி இருந்தும் ஆளைப் பார்த்துத்தான் கொடுக்கறாங்க. அதுக்குக் காரணம் ஒரே வார்த்தை: ரிட்டர்ன். கொண்டு போனவங்க திரும்பக் கொண்டு வந்து விடறது.

என் வீட்டுல இருக்கிற செம்பி அப்படி ரெண்டு தடவை திரும்பி வந்தவ. நாட்டு நாய், செம்மண் நிறம், நான் பார்த்தப்போ சுமார் நாலு வயசு. முதல் வீட்டுல குழந்தை பிறந்ததும் அனுப்பிட்டாங்க. ரெண்டாவது வீட்டுல மூணாவது நாளே கொண்டு வந்து விட்டுட்டாங்க. “சாப்பிடல, பழகல, மூலையிலயே கிடக்குது”ங்கிறதுதான் காரணம். அங்க தன்னார்வலரா இருக்கிற அக்கா இதை என்கிட்ட மறைக்காம சொன்னாங்க. அடுத்ததா கேட்டாங்க: “தம்பி, கல்யாணம் ஆனா நாயை என்ன பண்ணுவீங்க?”

எனக்குச் சுருக்குனு ஆச்சு. இவங்களுக்கு எதுக்கு என் கல்யாணக் கதைன்னு தோணுச்சு. ஆனா நாய் திரும்பி வர்ற காரணங்களை அவங்க ஒவ்வொண்ணா சொல்லச் சொல்லத்தான் புரிஞ்சுது. கல்யாணம், குழந்தை, வேலை மாற்றம், வெளிநாடு, வீட்டு ஓனர். நாய் தப்பு பண்ணித் திரும்பி வர்றதைவிட, மனுஷங்க வாழ்க்கை மாறித் திரும்பி வர்றதுதான் அவங்க அனுபவத்துல அதிகமாம். இருபத்தஞ்சு வயசுல நாய் எடுத்தா, அது பன்னெண்டு, பதினஞ்சு வருஷம் கூட இருக்கும். உங்க வாழ்க்கையில பெரிய மாற்றமெல்லாம் அந்த வருஷங்களுக்குள்ளதான் வருது.

நாய்க்கு இதுல என்ன நஷ்டம்? ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் அது மேல ஒரு முத்திரை விழும். “கடிக்கும்”, “பழகாது”, “ராசியில்லாதது”ன்னு. அடுத்து வர்றவங்க அந்தக் கூண்டைத் தாண்டிப் போயிடுவாங்க. நாயும் புது ஆளை நம்ப இன்னும் ரொம்ப நாள் எடுத்துக்கும்.

சரி, மத்த கேள்விகளுக்கு வருவோம். “முன்னாடி நாய் வளர்த்தீங்களா? அது எப்படி இறந்துச்சு?” கேட்கவே சங்கடமா இருக்கும். ஆனா இது பார்வோவுக்காகக் கேட்கிற கேள்வி. குட்டிகளை அதிகமாத் தாக்குற வைரஸ் இது. வாந்தி, ரத்தமா வயித்துப்போக்கு, ரெண்டே நாள்ல குட்டி துவண்டு போகும். இந்த வைரஸ் மண்ணுல மாசக்கணக்குல சாகாம கிடக்கும். பினாயில் ஊத்திட்டோம்னு நிம்மதியா இருக்க முடியாது, பிளீச்சிங் கரைசல்தான் வேலை செய்யும். அதனால பார்வோவுல ஒரு குட்டி போன வீட்டுக்கு, தடுப்பூசி முடிக்காத இன்னொரு குட்டியைக் கொடுக்க மாட்டாங்க. தடுப்பூசியும் ஒரே ஊசியோட முடியறதில்ல. ஆறு, எட்டு வாரத்துல ஆரம்பிச்சு, மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணா, பதினாறு வாரம் ஆகுற வரைக்கும் போடணும்.

முதல் தடவை எடுக்கறவங்களுக்கு நான் வளர்ந்த நாயைச் சொல்றது இதனாலயும்தான். எல்லாருக்கும் குட்டிதான் வேணும், புரியுது. ஆனா ஒன்பது மணி நேரம் ஆபீஸ்ல இருக்கிறவர் வீட்டுல குட்டி என்ன பண்ணும்னு நினைச்சுப் பாருங்க. வளர்ந்த நாய் எவ்வளவு பெருசாகும், எப்படிப்பட்ட குணம், பூனையைப் பார்த்தா என்ன செய்யும்ங்கிறதெல்லாம் முன்னாடியே தெரியும். கருத்தடையும் பெரும்பாலும் முடிஞ்சிருக்கும். (காதுல சின்னதா ஒரு வெட்டு இருந்தா அதுக்கான அடையாளம். யாரோ கொடுமைப்படுத்திட்டாங்கன்னு பதறாதீங்க.)

இந்தக் கருத்தடை விஷயத்துல சென்னைக்குப் பெருமைப்பட ஒண்ணு இருக்கு. விமானியா இருந்த கேப்டன் சுந்தரம் குடும்பத்தோட சேர்ந்து 1959-ல ப்ளூ கிராஸை ஆரம்பிச்சார். தெருநாய்னா பிடிச்சுக் கொல்றதுதான் அப்போ வழக்கம். கொல்ல வேண்டாம், கருத்தடை பண்ணி அதே இடத்துல விடலாம்னு 1964-லயே சொன்னவங்க அவங்க. 2001-லயும் 2023-லயும் மத்திய அரசு கொண்டு வந்த விதிகளுக்கு அடிப்படை இதே யோசனைதான்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். ரெண்டாவது வீட்டுல செம்பியை மூணே நாள்ல திருப்பி விட்டாங்கன்னு சொன்னேன் இல்லையா? நாய் வளர்க்கறவங்க மத்தியில ஒரு கணக்கு உண்டு: மூணு நாள், மூணு வாரம், மூணு மாசம். முதல் மூணு நாள் பயம். மூணு வாரத்துல வீட்டோட நேரங்காலம் பிடிபடும். இது நம்ம இடம்தான்னு நம்ப மூணு மாசம். அறிவியல் விதி மாதிரி இதைப் பிடிச்சுக்காதீங்க, நாய்க்கு நாய் மாறும். ஆனா மூணாவது நாள்ல முடிவு பண்ணாதீங்கன்னு சொல்ல இது போதும்.

செம்பி என் வீட்டுலயும் அதையேதான் பண்ணினா. வந்ததும் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்தவ, ரெண்டு நாள் வெளிய வரல. பகல்ல ஒரு வாய் சாப்பிடல. எல்லாரும் தூங்கினப்புறம் தட்டு காலியாகும். அக்கா முன்னாடியே சொல்லியிருந்ததால நாங்க அவளை இழுக்கல, கொஞ்சல, கண்ணுக்குக் கண் பார்க்கல. சொந்தக்காரங்களையும் வரவிடல. “வீட்டுக்குள்ள நாயா?”ன்னு ஒரு மாசம் சண்டை போட்ட அம்மா, கட்டில் பக்கத்துல கீழ உக்காந்து சீரியல் பார்க்க ஆரம்பிச்சாங்க. நாய்க்காக இல்லையாம், ஃபேன் காத்து அங்கதான் வருதாம். எட்டாவது நாள் செம்பி தலையை மட்டும் வெளிய நீட்டினா. மூணாவது வாரம் தண்ணி கேன் போடற அண்ணனைப் பார்த்து முதல் தடவையா குரைச்சா. அன்னைக்கு அம்மா தெருவுக்கே சொன்னாங்க.

ஒரு எச்சரிக்கை. எல்லாச் சோர்வையும் “பழகிட்டு இருக்கு”ன்னு விட்டுடாதீங்க. சென்னையில உண்ணிக் காய்ச்சல் சகஜம். ராத்திரியிலயும் சாப்பிடல, உடம்பு சுடுது, ஈறு வெளுத்திருக்கு, மூக்குல ரத்தம் வருதுன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. ரத்தப் பரிசோதனையில தட்டணுக்கள் குறைஞ்சிருக்கான்னு பார்ப்பாங்க. நேரத்தோட பிடிச்சா மாத்திரையிலயே குணமாகும். மாத்திரையை மட்டும் டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் கொடுங்க, நடுவுல நிறுத்தாதீங்க.

வாடகை வீட்டுல இருக்கறவங்களுக்கு ஒண்ணு. நாய் வளர்க்கக் கூடாதுன்னு அபார்ட்மெண்ட் சங்கம் தடை போட முடியாதுன்னு விலங்கு நல வாரியம் தெளிவா சொல்லியிருக்கு. ஆனா உங்களுக்கும் ஓனருக்கும் நடுவுல இருக்கிற ஒப்பந்தம் வேற விஷயம். ஓனர்கிட்ட முன்கூட்டியே கேட்டு, ‘சரி’ங்கிறதை வாட்ஸ்அப்லயாவது எழுத்துல வாங்கிக்கங்க. மாநகராட்சி உரிமமும் எடுக்கணும். அதுக்கு ரேபிஸ் தடுப்பூசி சான்றிதழ் வேணும்.

கடைசியா, நிறைய பேர் கேட்டது: “தீபாவளி லீவுல கூட்டிட்டு வரலாமா?” வேண்டாம். லீவு இருக்குன்னு உங்களுக்குத் தோணும். ஆனா வெடிச் சத்தத்துல மிரண்டு கேட்டைத் தாண்டி ஓடுற புது நாய்க்கு உங்க தெருவும் தெரியாது, உங்க வீட்டு வாசனையும் பழகியிருக்காது. பிடிச்ச நாயைப் பார்த்து வெச்சுட்டு, தீபாவளி முடிஞ்சு வர்றேன்னு சொல்லுங்க. இடையில ரெண்டு ஞாயித்துக்கிழமை போய், அதை வாக்கிங் கூட்டிட்டுப் போக முடியுமான்னு கேளுங்க.

அடுத்த வாரம் பூனை. கேள்விகளை அனுப்பி வைங்க.