ஸ்கூபா பயிற்சியில் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கருவி ஏன்?

கடலுக்கடியில் காற்று தீர்ந்தவர் யோசிப்பதில்லை. பழகிய இடத்துக்குக் கை தானாகப் போகிறது. வழக்கமான அமைப்பில், துணைவருக்கான மாற்று ரெகுலேட்டர் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில், மோவாய்க்கும் கீழ் விலா எலும்புக்கும் நடுவே மார்பில் மாட்டியிருக்கும். மாணவர் தேடுவது அதைத்தான்.

குகைகளில் மூழ்குபவர்களின் முறை வேறு. அவர்களுடைய முதன்மைக் குழாய் சுமார் 2 மீட்டர் நீளம். மார்பைக் கடந்து கழுத்தைச் சுற்றி வாய்க்கு வரும். ஆபத்தில் வாயில் இருப்பதையே கொடுத்துவிட்டு, கழுத்தில் ரப்பர் கயிற்றில் தொங்கும் இன்னொன்றைத் தாங்கள் கவ்விக்கொள்வார்கள். குறுகிய வழியில் இருவரும் ஒருவர் பின் ஒருவராக வெளியேற அந்த நீளம் வேண்டும்.

அருமையான முறைதான். ஆனால் டைவ்மாஸ்டரோ பயிற்றுநரோ செய்துகாட்டுவதைத்தான் புதியவர் பார்த்துப் படிக்கிறார். அவர் தேடும் மஞ்சள் நம் மார்பில் இல்லையென்றால்? 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் காற்றும் இருமடங்கு செலவாகும். தேடிக்கொண்டிருக்க நேரமில்லை.

ஆகவே, மாறுபட்ட கருவி அணிந்தால் அதை வாயால் விளக்குவதோடு நிறுத்தாதீர்கள். நீரில் இறங்குமுன், துணைவர் தன் கையாலேயே ஒருமுறை வாங்கிப் பழகட்டும்.