ஒமைக்ரான்: “சாதாரண சளிதானே?” என்று கேட்போருக்கு



2022 ஜனவரி மாதம் முழுவதும் நமது அலுவலகத்துக்கு வந்தோர் பெரும்பாலும் மூன்று கேள்விகளைத்தான் கேட்டார்கள். ஒமைக்ரான் வெறும் சளி, காய்ச்சல்தான் என்கிறார்களே, பிறகு ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? கடைவீதி திறந்திருக்கும்போது வெள்ளிக்கிழமை பள்ளிவாசலை மட்டும் ஏன் மூட வேண்டும்? இரண்டு ஊசி போட்டவருக்கும் வருகிறதென்றால் ஊசியால் என்ன பயன்? மூன்றுமே நியாயமான கேள்விகள். தெரிந்தவரை விளக்குவது நமது கடமை.

தென்னாப்பிரிக்காவில் கண்டறியப்பட்ட இந்த வகைக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 நவம்பர் 26 அன்று ஒமைக்ரான் எனப் பெயரிட்டது. டிசம்பர் 15 அன்று, நைஜீரியாவிலிருந்து சென்னை வந்த ஒரு பயணியிடம் தமிழகத்தின் முதல் தொற்று உறுதியானது. அப்போது மாநிலத்தின் தினசரி கொரோனா எண்ணிக்கை 600 அளவில் இருந்தது. பொங்கலுக்கு முதல் நாள் அது 20,000ஐத் தாண்டிவிட்டது. ஒரு மாதத்துக்குள் ஏற்பட்ட ஏற்றம் இது.

இவ்வளவு வேகம் ஏன்? கிருமியின் மேலே முள் போன்ற புரதம் இருக்கிறது. நம் உடலுக்குள் நுழைய அதுதான் சாவி. ஒமைக்ரானில் அந்தப் புரதத்தில் மட்டும் 30க்கும் மேற்பட்ட மாற்றங்கள் உள்ளன. முன்பு நோய் வந்ததாலோ ஊசி போட்டதாலோ உடலில் உருவான எதிர்ப்பு சக்தி, இந்தப் புதிய முகத்தை உடனே அடையாளம் காணத் தடுமாறுகிறது. மேலும், இது மூச்சுக்குழாயில் டெல்டாவைவிடப் பல மடங்கு வேகமாகப் பெருகுகிறது, நுரையீரலின் ஆழத்தில் அவ்வளவாகப் பெருகுவதில்லை என்று ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிசம்பரில் தெரிவித்தார்கள். பரவல் அதிகமாகவும் நிமோனியா குறைவாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படியானால் நல்லதுதானே என்று தோன்றும். இங்கேதான் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஓர் உதாரணத்துக்கு, 10,000 பேர் வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். மெதுவாகப் பரவும் நோய் 500 பேருக்கு வருகிறது. நூற்றில் 2 பேருக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை தேவை என்றால் 10 படுக்கை போதும். வேகமாகப் பரவும் நோய் 4,000 பேருக்கு வருகிறது. அது நான்கில் ஒரு பங்கு வீரியம் உள்ளதுதான், அதாவது 200 பேரில் ஒருவருக்கே படுக்கை தேவை. அப்போதும் 20 படுக்கை வேண்டும். முதல் நோய் மூன்று மாதத்தில் பரவியது. இரண்டாவது மூன்றே வாரத்தில் பரவினால் அந்த 20 பேரும் ஒரே சமயத்தில் வாசலில் நிற்பார்கள். தனி மனிதருக்கு லேசான நோய், ஊருக்குக் கனமான நோயாக மாறுவது இப்படித்தான்.

நம் மாவட்டத்துக்கு இது புதிதல்ல. 2021 மே மாதம் 26ஆம் தேதி கோவையின் ஒரு நாள் தொற்று 4,000ஐக் கடந்து சென்னையையே முந்தியது. 30ஆம் தேதி முதலமைச்சர் கோவை இஎஸ்ஐ மருத்துவமனைக்கு வந்து, கவச உடை அணிந்து கொரோனா வார்டுக்குள் சென்று பார்த்தார். அந்த வாரங்களில் ஆக்ஸிஜன் படுக்கைக்கு அலைந்தவர்களும், ஜனாஸாவைத் தோளில் சுமக்கவும் முடியாமல் தள்ளி நின்றவர்களும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். தமிழகமெங்கும் நமது இளைஞர்கள் மத வேறுபாடின்றி அடக்கத்துக்கும் தகனத்துக்கும் துணை நின்றார்கள். அந்த நிலை மீண்டும் வராமல் தடுப்பதுதான் 2022 ஜனவரிக் கட்டுப்பாடுகளின் நோக்கமாக இருந்தது.

ஊசியைப் பற்றி. ஒமைக்ரான் தொற்றாமல் தடுப்பதில் இரண்டு ஊசிகளின் பலன் குறைந்திருப்பது உண்மை. ஆனால் நோய் முற்றாமல் காப்பதில் அதன் பலன் பெருமளவு நிலைத்திருக்கிறது. குடை பிடித்தாலும் கால் நனையும், அதற்காகக் குடையை வீசிவிட்டு யாரும் மழையில் இறங்குவதில்லை. 15 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 2022 ஜனவரி 3 முதல் கோவாக்சின் போடப்பட்டது. 60 வயதைக் கடந்த இணை நோயாளிகளுக்கு, இரண்டாம் ஊசி போட்டு 39 வாரம் ஆகியிருந்தால், அதே மாதம் 10ஆம் தேதி முதல் முன்னெச்சரிக்கை ஊசி கிடைத்தது. இதில் பன்றிக் கொழுப்பு இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டின் வெளியிடப்பட்ட மூலப்பொருள் பட்டியலிலும் பன்றி ஜெலட்டின் இல்லை.

பள்ளிவாசல் விஷயத்துக்கு வருவோம். 2022 ஜனவரியில் இருந்த வெள்ளி, சனி, ஞாயிறு தடை கோயில், சர்ச், பள்ளிவாசல் அனைத்துக்கும் பொதுவானதாக இருந்தது. ஆனால் வாரத்தின் முக்கிய தொழுகை வெள்ளியன்று என்பதால் நமக்கு வலி கூடுதலாக இருந்தது. டாஸ்மாக் திறந்திருக்கிறதே என்பது ஜமாஅத்துகள் மனுவாக அதிகாரிகளிடம் கேட்க வேண்டிய கேள்வியாகவே இருந்தது. அதே நேரம், மூடிய கூடத்தில் தோளோடு தோள் சேர்ந்து ஒரு மணி நேரம் இருப்பது காற்றில் பரவும் நோய்க்கு வசதியானது என்பதையும் மறுக்க முடியாது. உமர் (ரலி) அவர்கள் ஷாம் நோக்கிச் செல்லும் வழியில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்விப்பட்டு, ஸஹாபாக்களிடம் ஆலோசனை செய்து மதீனாவுக்குத் திரும்பினார்கள் என்பது நாம் மதரஸாவில் படித்த வரலாறு. எச்சரிக்கை ஈமானுக்கு எதிரானதல்ல. தடை உள்ள நாட்களில் வீட்டில் லுஹர் தொழுதுகொள்வோம். மற்ற நாட்களில் உளூவை வீட்டிலேயே செய்து, முஸல்லாவைக் கையோடு கொண்டுவந்து, முகக்கவசத்தோடு, ஜன்னல்களைத் திறந்து வைத்துத் தொழுவோம். இருமலோ தொண்டைவலியோ இருப்பவர் வராமல் இருப்பதே அருகில் நிற்கும் முதியவருக்குச் செய்யும் உபகாரம்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். 2020இல் டெல்லி நிகழ்வை வைத்து ஒரு நோயை நமது சமுதாயத்தின் பெயரோடு சேர்த்துப் பேசினார்கள். அந்தக் காயத்தால் பின்னரும் பரிசோதனைக்குப் போகத் தயங்கியோர் உண்டு. அன்றைய பேச்சு அநியாயமானது. ஆனால் அதற்காக நோயை மறைத்தால் முதலில் பாதிக்கப்படுவது நம் வீட்டு உம்மாவும் வாப்பாவும்தான். காய்ச்சல் வந்தால் பெரியநாயக்கன்பாளையம் அரசு மருத்துவமனையிலோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டுங்கள். ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108. லேசான நோய்க்கு ஏழு நாள் வீட்டுத் தனிமை, கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாதிருந்தால் போதும் என்பது 2022 ஜனவரியில் இருந்த விதி. ஆக்ஸிமீட்டரில் அளவு 93க்கு வந்தாலோ மூச்சு வாங்கினாலோ தாமதிக்காதீர்கள்.

ஏழு நாள் வீட்டிலிருந்தால் அடுப்பு எப்படி எரியும்? ஃபவுண்டரியிலும் லேத் பட்டறையிலும் மில்லிலும் வேலை செய்யும் நமது சகோதரர்கள் காய்ச்சலோடு ஷிஃப்டுக்குப் போவதற்கு இதுதான் காரணம். இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்கள், சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால், டாக்டர் சான்று கொடுத்து ஆண்டுக்கு 91 நாள் வரை சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் பெறலாம். இது சலுகை அல்ல, உங்கள் உரிமை. இஎஸ்ஐ இல்லாத கூலித் தொழிலாளர் வீடுகளுக்கு, வடமாநிலத்தவர் உட்பட, எந்த மதத்தவரானாலும், ஒரு வார அரிசி, பருப்பு, எண்ணெயை நமது பைத்துல்மால் வழங்கும். அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெயர் வெளியே வராது. வசதியுள்ளவர்கள் இதற்குத் தாராளமாக உதவும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஆண்டுதோறும் ரமலான் வருகிறது. இன்ஷா அல்லாஹ், அப்போது நமது சஃப்புகளில் எந்தப் பெரியவரின் இடமும் காலியாக இல்லாதிருக்க வல்ல ரஹ்மான் அருள் புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்