கணிப்பொறியும் உபதேசியாரும்

நம் பங்கு அலுவலகத்தில் கணிப்பொறி ஒன்று உண்டு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்று பதிவேடுகளும் அலமாரியில் புத்தகங்களாக இருப்பதுபோல் அதனுள்ளும் இருக்கின்றன. எழுபதைக் கடந்த நம் உபதேசியார் ஆங்கிலம் அறியாதவர். ஆயினும் திரையின் இடப்பக்கத்தில் நிற்கும் மஞ்சள் உறைகளுள் எதைத் திறந்தால் எது வரும் என்பதை, தம் வீட்டுக் கொல்லையில் எந்த மரம் எங்கே நிற்கிறது என்று அறிந்திருப்பதுபோல் அறிந்து வைத்திருந்தார்.

கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி, இளைஞர் ஒருவர் அத்திரையை அலங்கரிக்க முன்வந்தார். மஞ்சள் உறைகள் மறைந்தன. விண்மீன்களும் மணிகளும் பூங்கொத்துகளும் தோன்றின. அவை நின்ற இடங்களும் மாறின. நாம் கண்டு மகிழ்ந்ததோடு பாராட்டவும் செய்தோம்.

தை மாதத்தில் ஒரு நாள். நாம் கிளைக் கிராமத்திற்குச் சென்றிருந்த வேளையில், ஒரு தாய் தம் மகனின் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வந்தார். மறுநாள் காலை பள்ளியில் கொடுத்தாக வேண்டுமாம். உபதேசியார் விண்மீனைத் திறந்தார். வரவு செலவுக் கணக்கு வந்தது. மணியைத் திறந்தார், பாடல்கள் வந்தன. பதிவேடே அழிந்துவிட்டது என்று அஞ்சி, அந்த அம்மாளைத் திருப்பி அனுப்பிவிட்டு, நாம் வரும்வரை கோயில் படிக்கட்டில் அமர்ந்திருந்தார். "நான்தான் எதையோ தொட்டுக் கெடுத்துவிட்டேன், சாமி" என்றார். கெடுத்தவர் அவரல்லர். பூங்கொத்தினுள் கிடந்த பதிவேட்டைக் கண்டெடுத்து, சான்றிதழை அன்றிரவே கோயில்பிள்ளையிடம் கொடுத்தனுப்பினோம்.

திரையில் தோன்றும் இச்சின்னங்களுக்கு ஐகான் என்பது பெயர். அப்பெயர் வந்த வழி நம் வாசகர்களுக்குச் சுவையாயிருக்கும். 1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் கேன்ஃபீல்டு ஸ்மித் என்பவர் தம் ஆய்வேட்டில் இச்சொல்லைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்தார். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் திருவோவியங்களிலிருந்தே அதை எடுத்ததாக அவரே கூறியிருக்கிறார். அங்கே ஐகான் என்பது வெறும் படமன்று. தான் குறிக்கும் பொருளின் தன்மையைத் தன்னில் கொண்டிருப்பது. உருவத்திற்குச் செய்யும் வணக்கம் அவ்வுருவம் குறிப்பவரையே சென்றடைகிறது என்று 787-ஆம் ஆண்டில் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் கற்பித்ததைக் குருமடத்தில் மனப்பாடம் செய்தோம். அந்தச் சொல் அலுவலக மேசைக்கும் வந்து சேரும் என்று அன்று யார் கண்டார்!

ஸ்மித் பின்னர் ஜெராக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றினார். நம் ஊரில் நகலெடுப்பதற்கே பெயராகிவிட்ட அதே நிறுவனந்தான். 1981-இல் அது வெளியிட்ட ஸ்டார் என்னும் கணிப்பொறியின் திரையில் காகிதம், உறை, அலமாரி ஆகியவை படங்களாக நின்றன. 1984-இல் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் வந்தது. அதற்குச் சின்னங்கள் வரைந்த சூசன் கேர் கலை பயின்றவர். பக்கத்திற்கு 32 ஆக 1,024 சிறு கட்டங்கள். கறுப்பு, வெள்ளை தவிர வேறு நிறமில்லை. கட்டமிட்ட தாளில் அக்கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பியே குப்பைத் தொட்டியையும் சிரிக்கும் கணிப்பொறியையும் அவர் உருவாக்கினார்.

அந்தக் குப்பைத் தொட்டியைப் பற்றி ஒரு சொல். தகட்டை வெளியே எடுப்பதற்கு அதன் படத்தை இழுத்துச் சென்று குப்பைத் தொட்டியில் போடவேண்டும் என்று மெக்கின்டாஷில் ஏற்பாடு செய்திருந்தார்கள். எழுதியதெல்லாம் அழிந்துபோகுமோ என்று பலர் கை நடுங்கினர். படம் ஒன்று சொல்ல, செயல் வேறொன்றாக இருந்தால் யார்தான் நம்புவார்?

சின்னத்தை மாற்றுவது எளிது. விண்டோஸில் உறையின்மீது மௌஸின் வலப் பொத்தானை அழுத்தி, 'ப்ராப்பர்ட்டீஸ்' என்பதையும், அதில் 'கஸ்டமைஸ்' என்னும் பகுதியையும் திறந்தால், 'சேஞ்ச் ஐகான்' என்றிருக்கும். அவ்வளவே. உள்ளே இருக்கும் பதிவுகளில் ஓர் எழுத்தும் மாறாது. வேண்டாமென்றால் பழைய மஞ்சள் உறையையே திரும்பப் பெறலாம்.

எளிது என்பதாலேயே ஓர் இடரும் உண்டு. ஒரு நிரலை ஆக்குபவர் அதற்கு எந்தச் சின்னத்தையும் அணிவிக்க இயலும். கெடுதல் செய்யும் நிரல் கடிதத்தின் முகத்தோடு வரலாம். பெயரின் கடைசிப் பகுதியை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவிடுவதும் இதற்குத் துணைபோகிறது. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் காதல் கடிதம் என்ற பெயரில் உலகெங்கும் பரவிய கிருமி, சாதாரண எழுத்துக் கோப்பு போலவே தோன்றியது. திறந்தவர்களின் படங்களையும் பிற கோப்புகளையும் அது அழித்தது. பெயர் முழுவதும் தெரியுமாறு அமைத்துக்கொள்ளுங்கள் என்று கணிப்பொறி வைத்திருக்கும் குடும்பங்களுக்குச் சொல்லி வைக்கிறோம்.

நம் அலுவலகத்துக்கு வருவோம். இம்முறை உபதேசியாரையே கேட்டு வரையுமாறு இளைஞரிடம் சொன்னோம். அவரும் மனம் வருந்தியிருந்தார். கட்டமிட்ட தாளுடன் வந்து பெரியவரின் அருகே அமர்ந்தார். ஞானஸ்நானத்திற்குத் தண்ணீர் வார்க்கும் சிப்பி. அதில் தடையில்லை. திருமணத்திற்கு இளைஞர் இரு மோதிரங்களை வரைந்தார். "மோதிரத்தை அடகுக் கடைக்காரனும் போட்டு வைப்பான், தம்பி. தாலியைப் போடு" என்றார் உபதேசியார். அடக்கப் பதிவேட்டிற்குச் சிலுவை போதும் என்று நாம் சொன்னோம். "சிலுவை மூன்றுக்கும் பொதுதானே, சாமி?" என்று கேட்டுவிட்டு, சற்று நேரம் எண்ணி, மண்வெட்டி என்றார். இளைஞர் சிரித்தார். உபதேசியார் சிரிக்கவில்லை. இவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகளாகக் குழி வெட்டும்போது உடன் நின்றவர் அவர்.

ஒரே சின்னத்தைப் பெரிதும் சிறிதுமாகப் பல அளவுகளில் வரைந்து வைக்கவேண்டும். பக்கத்திற்கு 16 கட்டங்களே உள்ள மிகச் சிறிய அளவில் தாலி வெறும் கறையாகிவிட்டது. மூன்று முறை திருத்தினார்கள். மண்வெட்டி முதல் முறையிலேயே தெளிவாக விழுந்தது.