'வாங்க' என்ற சொல்லை யாருக்குச் சொல்ல மறந்தோம்?

கோவைத் தமிழுக்கு அழகே அந்த 'ங்க'தான். பால்காரர், பஸ் கண்டக்டர், பள்ளிக்குப் போகும் பாப்பா என எல்லாரையும் 'வாங்க, போங்க' என்று கூப்பிடும் ஊர் இது. ஆனால் அந்த மரியாதை எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. தோட்டத்து வேலைக்கு வந்த அருந்ததியர் பெரியவர்களை, பத்து வயதுப் பிள்ளைகள்கூட 'வா, போ' என்று பேர் சொல்லிக் கூப்பிட்ட கிராமங்கள் கொங்கு நாட்டில் ஏராளம்.

யாரும் அந்தப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் எடுக்கவில்லை. அப்பா எப்படிக் கூப்பிட்டார், அம்மா எந்த டம்ளரைத் தனியாக வைத்தார், பாட்டி யாரை வாசலோடு நிறுத்தினார் என்று பார்த்தே கற்றுக்கொண்டார்கள்.

இன்றைய சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. டீக்கடையில் பேப்பர் கப். ஆனாலும் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், 'நீங்க என்ன ஆளுங்க?' என்ற கேள்வி சில வீடுகளில் இன்னும் வருகிறது. நேராகக் கேட்கக் கூச்சப்படுபவர்கள் குலதெய்வம் எது என்று விசாரிக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளையும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

சமைத்தவர் யார்?

2018-ல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணைச் சமைக்கவிடக் கூடாது என்று பெற்றோர் சிலர் எதிர்த்தார்கள். அவரை இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் வெடித்த பிறகே அந்த உத்தரவு ரத்தானது. பிள்ளைகளுக்குப் பசி தானாகத் தெரியும். சமைத்தவரின் சாதி, பெரியவர்கள் சொன்னால்தான் தெரியும்.

கோயிலில் மட்டும்தான் இந்தப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் மாதா கோவிலில், இரண்டு சாதியார் தனித்தனியாக நின்று ஜெபிப்பதற்காக நடுவில் சுவரே இருந்தது. 1910-ல் அதை இடித்தார்கள். ஆனாலும் சபைக்குள் சாதிப் பாகுபாடு நீடிக்கிறது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் 2016-ல் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

விதி போனது, காரணம் போகவில்லை

சுவர் போன பிறகும் மனதில் எது மிஞ்சுகிறது? அமெரிக்காவின் மார்மன் சபையைப் பார்த்தால் புரியும். அங்கே சாதாரண உறுப்பினர்களான ஆண்களுக்கும் குருத்துவப் பொறுப்பு உண்டு. ஆனால் கறுப்பின ஆண்களுக்கு மட்டும் நூறாண்டுகளுக்கு மேலாக அதைக் கொடுக்கவில்லை. 1978-ல் அந்தத் தடையை நீக்கினார்கள். ஆனால் 'கறுப்புத் தோல் கடவுளின் சாபம்' என்று வீட்டிலும் சபையிலும் சொல்லிவந்த விளக்கம் அப்படியே தங்கிவிட்டது. அதை ஏற்கவில்லை என்று சபை எழுத்தில் விரிவாக விளக்கியது 2013-ல்தான். இடையில் 35 வருடங்கள்! அதற்குள் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

நம் வீட்டுக் கதையும் இதுதான். தனி டம்ளரை எடுத்துவிட்டோம். ஆனால் 'அவங்க சுத்தமில்லை' என்று சொல்லிவைத்த காரணத்தைப் பொய் என்று யாரும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை அவர்கள் உண்மை என்றே எடுத்துக்கொள்வார்கள். இப்போது கட்டட வேலைக்கு வரும் வெளிமாநிலத்தவரை 'வடக்கன்' என்று ஏளனமாகச் சொல்லவும் அப்படித்தான் பழகுகிறார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பாட்டி மீது பாசம் இருக்கும்போது அவர் சொன்னது தவறு என்று சொல்வது கஷ்டம்தான். 'பாட்டி நல்லவங்க. ஆனா இந்த விஷயத்துல சொன்னது தப்புங்க கண்ணு' என்று சொல்லலாம். பாசமும் குறையாது, பொய்யும் தொடராது.

குப்பை வண்டியோடு வரும் அக்காவை 'வாங்க' என்று கூப்பிட்டு, வீட்டில் புழங்கும் அதே டம்ளரில் தண்ணீர் கொடுங்கள். வாடகைக்கு வருபவரிடம் வாடகையைப் பற்றி மட்டும் பேசுங்கள். பார்த்துக் கற்றுக்கொண்டதை, பார்த்தே மறக்கவும் பிள்ளைகளால் முடியும்.