நோட்டின் கடைசிப் பக்கத்துக் கிறுக்கலும் சொத்துதான், தெரியுமா?

பேருந்தில் போகும்போது எதிர் இருக்கைப் பாட்டியின் முகத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைகிறீர்கள். வரைந்து முடித்ததுமே அந்தப் படத்தின் பதிப்புரிமை உங்களுடையது, தெரியுமா? மனு வேண்டாம், கட்டணம் வேண்டாம், வட்டத்துக்குள் 'சி' போடவும் வேண்டாம்! 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் தரும் வரம் இது. பதிவு செய்து வைத்தால் வழக்கு வரும்போது சான்றாக உதவும். ஆனால் கட்டாயம் இல்லை.

மனதில் இருக்கும் யோசனைக்கு மட்டும் இந்தக் காவல் கிடையாது. கருவுக்கு உரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லிவிட்டது. கதையை நாலு பேரிடம் சொல்வதற்கு முன் எழுதி வையுங்கள்!

இந்த உரிமை எத்தனை காலம்? ஓவியர், எழுத்தாளர் என்றால் அவருடைய ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகும் 60 ஆண்டு. முன்பு 50-தான். தாகூர் மறைந்தது 1941-ல். அவர் நூல்களின் உரிமை 1991-உடன் முடிய இருந்ததால்தான் கெடு பத்து ஆண்டு நீண்டது. அந்தப் பலன் நாட்டின் எல்லாப் படைப்பாளிகளுக்கும் கிடைத்தது!

நம் பாரதியின் கதை இன்னும் வியப்பு. அவர் பாடல்களை இசைத்தட்டிலும் வானொலியிலும் தரும் உரிமை ஒரு காலத்தில் ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. மக்கள் குரல் எழுப்ப, 1949-ல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைத் தன்வசமாக்கி, பிறகு எல்லாருக்கும் பொதுவாக்கியது. இன்று யாரும் அவற்றை அச்சிடலாம், பாடலாம்.

உங்கள் கல்யாண ஆல்பம் யாருக்குச் சொந்தம்? வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே! போட்டோகிராபர் தம்பிமார்களே, படம் உங்கள் பெயரில் இருக்க வேண்டுமென்றால் அட்வான்ஸ் வாங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது சிற்பி அமர்நாத் சேகலின் வழக்கு. டெல்லி விஞ்ஞான் பவனுக்காக அவர் வடித்தது ஏறத்தாழ 140 அடி நீள வெண்கலச் சுவர்ச் சிற்பம். 1979-ல் கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது அவரை ஒரு வார்த்தை கேட்காமல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். துண்டு துண்டாகச் சிதைந்தது. அவர் பெயர் பொறித்த பகுதிகூடத் தப்பவில்லை. "பணம் கொடுத்தோம், உரிமை எங்களுடையது" என்றது அரசு. சேகல் விடவில்லை. 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சத் துண்டுகளை அவரிடமே திருப்பித் தரச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது! பதிப்புரிமையை விற்றாலும், படைப்பைச் சிதைத்துத் தன் பெயரைக் கெடுப்பவரைத் தட்டிக்கேட்கும் உரிமை படைத்தவரிடமே நிற்கும் என்பதுதான் அதன் சாரம்.

கலைஞர்கள் ஏமாறுவது பெரும்பாலும் கையெழுத்துப் போடும் இடத்தில்தான். பதிப்புரிமையை வாய்ப்பேச்சில் மாற்ற முடியாது. எழுத்து வேண்டும், கையெழுத்து வேண்டும். எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்தே ஆண்டு. எந்த இடம் என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். அடுத்த ஒப்பந்தம் உங்கள் மேஜைக்கு வரும்போது, தொகையைப் பார்ப்பதற்கு முன் இந்த இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்.