பழைய கம்ப்யூட்டருக்கு என்ன விலை சொல்லலாம்?



யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கம்ப்யூட்டருக்கு இந்தப் பழமொழி சரிவராது. ஓடுகிற கம்ப்யூட்டருக்கு ஒரு விலை, ஓடாததற்கு வேறு விலை. ஓடுகிறதிலும், உள்ளே என்ன இருக்குன்னு தெரிந்து விற்பவருக்கு ஒரு விலை, தெரியாமல் விற்பவருக்கு ஒரு விலை. நம்ம வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்கள் நம் வகுப்பிலேயே சிலருடைய வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மூன்று விலைகள்

ஒரு பழைய கம்ப்யூட்டருக்கு மூன்று விலை உண்டு.

முதலாவது, எடை விலை. காயலாங்கடைக்காரர் சொல்வது இதுதான். அவருக்கு அது இரும்புப் பெட்டியும் ஒயரும் தகடும் மட்டுமே. உள்ளே ஓடுதா ஓடலையா என்று அவர் பார்ப்பதில்லை.

இரண்டாவது, உதிரி விலை. ராம், ஹார்ட் டிஸ்க், மானிட்டர் என்று தனித்தனியாகக் கழட்டி விற்பது. மதர்போர்டு போய்விட்ட கம்ப்யூட்டருக்கு இதுதான் நல்ல வழி.

மூன்றாவது, ஓடுகிற விலை. வாங்குகிறவர் வீட்டுக்குப் போய் சுவிட்சைப் போட்டால் வேலை செய்யணும். மூன்றில் இதுதான் பெரும்பாலும் அதிகம். எடை விலை கேட்பவரிடம் ஓடுகிற கம்ப்யூட்டரைக் கொடுத்தால் நமக்குத்தான் நஷ்டம்.

புத்தகக் கணக்கு எவ்வளவு சொல்லும்?

எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டியோடு தேய்மானமும் படித்தோம் இல்லையா? அது இங்கே வருகிறது. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு வருடத் தேய்மானம் முன்பு 60 சதவீதம். 2017-18 நிதியாண்டிலிருந்து அது 40 சதவீதம். 32,000 ரூபாய்க்கு வாங்கிய கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வருடமும் 0.6 ஆல் பெருக்கிக்கொண்டே வரணும்.

1 வருடம் முடிந்ததும் 19,200
2 வருடம் 11,520
3 வருடம் 6,912
4 வருடம் 4,147
5 வருடம் 2,488
6 வருடம் 1,493
7 வருடம் 896

2013ஆம் வருடக் கம்பெனிகள் சட்டத்தில் இதைவிடக் கண்டிப்பு. அதன் இரண்டாம் அட்டவணை டெஸ்க்டாப், லேப்டாப்புக்கு ஆயுள் 3 வருடம் என்று வைத்திருக்கிறது.

ஆனால் இவை எல்லாம் வரிக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் போட்ட கணக்கு. சந்தையில் வாங்குகிறவர் இந்தக் கணக்கைப் பார்த்து வாங்குவதில்லை. "இது இன்னும் எத்தனை நாள் எனக்கு வேலை செய்யும், இதே மாதிரி வேறு இடத்தில் என்ன விலை?" என்றுதான் அவர் பார்ப்பார். நாம் வாங்கும்போது கொடுத்த விலையும் அவருக்குத் தேவையில்லை. அதனால் "32,000 போட்டு வாங்கினோம், பாதியாவது கொடுங்க" என்று கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது?

விலை சொல்வதற்கு முன் நாலு விஷயம் தெரியணும். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற இடத்தில் பெரும்பாலும் எல்லாம் தெரியும்.

1. பிராசசர். சும்மா "ஐ3", "ஐ5" என்றால் போதாது. பின்னால் வரும் எண்தான் முக்கியம். ஐ3-7100 என்றால் முதல் எண் 7, அது ஏழாம் தலைமுறை. ஐ5-8400 என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-10400 என்றால் முதல் இரண்டு எண்ணைச் சேர்த்துப் பத்தாம் தலைமுறை. பழைய ஐ5-ஐ விடப் புதிய ஐ3 வேகமாக இருப்பதும் உண்டு.

இதில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 போடணும் என்றால் இன்டெல் பிராசசரில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அதனால் ஒரே வருடம் முன்னே பின்னே வாங்கிய இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்றுக்கு மட்டும் விலை சரிந்துவிடுகிறது. அது கெட்டுப்போகவில்லை, நேற்று செய்த வேலையை இன்றும் செய்யும். விலை மட்டும் இறங்கிவிட்டது!

2. ராம். எத்தனை ஜிபி என்பதோடு டிடிஆர்3-ஆ, டிடிஆர்4-ஆ என்றும் பார்க்கணும். ராம் மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். ஒன்றில் போடுவது இன்னொன்றில் நுழையாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. ராம் விலை இறங்கிக்கொண்டே போகும் என்றும் நினைக்கக்கூடாது. 2025 கடைசியில் ஏஐ வேலைகளுக்குச் சிப் தேவை கூடியதால் உலகம் முழுக்க ராம் விலை ஏறியது. எனவே விற்கிற வாரத்தில் ஒருமுறை விசாரிக்கணும்.

3. ஹார்ட் டிஸ்கா, எஸ்எஸ்டியா? ஹார்ட் டிஸ்கில் தட்டு சுற்றும். எஸ்எஸ்டியில் சுற்றுவது எதுவும் இல்லை, அதனால் வேகம். பழைய கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டி மட்டும் மாற்றினாலே சீக்கிரம் திறக்கும்.

4. உடல் நிலை. தேதியும் நேரமும் தினமும் மாறிப்போனால் பெரும்பாலும் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கும். அது சின்னச் செலவு. ஆனால் மதர்போர்டில் உருளை மாதிரி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் அது பெரிய செலவு. திறந்து பார்க்கும்போது பிளக்கைக் கழட்டிவிட்டுத்தான் பார்க்கணும். எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்கவே கூடாது, பிளக்கைக் கழட்டின பிறகும் அதில் மின்சாரம் நிற்கும்.

சித்தி கடைக் கணக்கு

இனி நிஜக் கணக்கு ஒன்று பார்ப்போம். என் சித்தி டைப்பிங் கடை வைத்திருக்கிறார்கள். அவர்கள் கம்ப்யூட்டர் 2018இல் 32,000 ரூபாய்க்கு வாங்கியது. ஐ3-7100, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், எல்இடி மானிட்டர், யுபிஎஸ். புதிது வாங்க முன்பணம் குறைந்ததால் இதை விற்க நினைத்தார்கள். காயலாங்கடையில் 700 ரூபாய் கேட்டார்கள். மேலே உள்ள தேய்மானக் கணக்கும் 896தான் காட்டுகிறது. "அப்போ 700 சரிதானே, கொடுத்துடலாம்" என்றார்கள் சித்தி.

நானும் அண்ணனும் வேறு மாதிரி போட்டோம். அலுவலகங்கள் மூன்று நாலு வருடத்தில் மொத்தமாகக் கழிக்கும் கம்ப்யூட்டர்களைச் சுத்தம் செய்து, சரிபார்த்து, வாரண்டியோடு விற்கும் கடைகள் இருக்கின்றன. சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை ரிச்சி தெரு இதற்குப் பெயர்போனது. அதே ஏழாம் தலைமுறை கம்ப்யூட்டர் அந்த மாதிரிக் கடையில் என்ன விலை என்று போனில் விசாரித்தோம். 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி, மானிட்டர், ஆறு மாத வாரண்டி எல்லாம் சேர்த்து 9,500 சொன்னார்கள். நம்முடையது எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்கு மேல் போகாது. அதிலிருந்து கழித்துக்கொண்டே வந்தோம்.

கடை விலை 9,500
நம்மிடம் எஸ்எஸ்டி இல்லை, கழிக்க 1,500
ராம் 4 ஜிபி குறைவு, கழிக்க 1,000
நம்மால் வாரண்டி தரமுடியாது, கடைக்காரர் உழைப்பும் லாபமும் நமக்கு இல்லை, கழிக்க 2,000
ஃபேன் சத்தம் போடுகிறது, கழிக்க 300
மீதி 4,700

பழைய ஹார்ட் டிஸ்கையும் கொடுத்தால் ஒரு 500 கூடும். யுபிஎஸ் பேட்டரி போய்விட்டதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. 5,000 சொல்லலாம், 4,300-க்குக் கீழே இறங்கக்கூடாது என்று முடிவு செய்தோம். ஃபேன் சத்தத்தை மறைக்காமல் முதலிலேயே சொல்லி, ஓட்டிக் காட்டினார்கள் சித்தி. டியூஷன் எடுக்கும் ஒரு அண்ணன் 4,500-க்கு வாங்கிக்கொண்டார். 700 எங்கே, 4,500 எங்கே! 2018 பில் பத்திரமாக இருந்ததும் உதவியது. திருட்டுப் பொருள் இல்லை என்று வாங்குகிறவருக்கு நம்பிக்கை வரும்.

ஹார்ட் டிஸ்கை ஏன் கொடுக்கவில்லை?

500 ரூபாய் கூட வருமே என்று கேட்கலாம். டைப்பிங் கடை ஹார்ட் டிஸ்கில் இருப்பது கடைக்காரருடையது மட்டும் இல்லை. ஊர்க்காரர்களின் ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்று, பேங்க் பாஸ்புக் எல்லாம் ஸ்கேன் செய்து கிடக்கும். டெலீட் செய்து, ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும் அவை உடனே அழிவதில்லை. அந்த இடம் காலி என்று மட்டும் கம்ப்யூட்டர் குறித்துவைத்துக்கொள்ளும். மேலே வேறு எதையாவது எழுதும் வரை பழையதை மீட்க மென்பொருள்கள் இருக்கின்றன. அதனால் டிஸ்க் முழுவதும் மேலெழுதி அழிக்கணும், இல்லையென்றால் டிஸ்கைக் கழட்டி நாமே வைத்துக்கொள்ளணும். நம்மை நம்பிக் காகிதம் கொடுத்தவர்களுக்கு 500 ரூபாய் ஈடாகுமா?

விலை போகாவிட்டால்?

எல்லாவற்றையும் விற்றுத்தான் ஆகணும் என்பதில்லை. மிகவும் பழையதாக இருந்து 1,000 ரூபாய்கூடத் தேறாது என்றால், அதில் லினக்ஸ் போட்டு வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்த பாஸ் லினக்ஸ் இலவசம், அதில் தமிழும் உண்டு. டைப்பிங் பழக, தமிழில் கட்டுரை அடிக்க அது போதும். சந்தையில் விலை இல்லாத பொருள், படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் பயன் இல்லாத பொருள் ஆகிவிடாது.

சுத்தமாக ஓடவில்லை என்றால் மட்டும் கழிவு. அப்போதும் ஒயரை எரித்துச் செம்பு எடுக்கக்கூடாது, அந்தப் புகை விஷம். பழைய குண்டு மானிட்டரை உடைக்கக்கூடாது, அதன் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, இவை பதிவு பெற்ற மறுசுழற்சி செய்பவர்களிடம்தான் போய்ச் சேரவேண்டும்.

ஞாபகம் வைக்க

உள்ளே இருப்பதை ஒரு தாளில் எழுது.
அதே மாதிரி கடையில் என்ன விலை என்று மூன்று இடத்தில் கேள்.
நம்மிடம் இல்லாததைக் கழி.
குறையைச் சொல்லி, ஓட்டிக் காட்டி விற்பனை செய்.
டிஸ்கை அழிக்காமல் கைமாற்றாதே.

உங்கள் வீட்டில் மூலையில் துணி போட்டு மூடிய கம்ப்யூட்டர் இருந்தால், இன்றைக்கே துணியை எடுத்துப் பிராசசர் எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். மதிய இடைவேளையில் உட்கார்ந்து கணக்குப் போடலாம்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி