நாற்சார் வீட்டுக்கு ஏசி: முதலில் காற்றின் ஈரத்தைக் கணக்கிடுங்கள்

யாழ்ப்பாணத் தீவகத்தின் புங்குடுதீவிலும் வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் போர்க்காலத்தில் கைவிடப்பட்டுப் பூட்டிக் கிடந்த பழைய கல்வீடுகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படுகின்றன. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் லண்டனிலும் வாழும் பிள்ளைகள் பேரனார் கட்டிய வீட்டின் முகட்டு வளையை மாற்றுகிறார்கள், உடைந்த ஓட்டைப் பிரித்து மேய்கிறார்கள், கிணற்றை இறைக்கிறார்கள். விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்குச் சித்திரை வெக்கை தாங்காது. கூடவே வரும் வயதான அம்மாவுக்கு இரவில் நித்திரை வராது. அப்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது: கனடாவில் இருப்பதுபோல வீடு முழுவதற்கும் சென்ரல் ஏசி போட்டால் என்ன?

பணம் இருந்தால் போடலாம். ஆனால் அந்த இயந்திரம் எந்தக் காற்றோடு மல்லுக்கட்டப் போகிறது, எந்தச் சுவருக்குள் இருந்து வேலை செய்யப் போகிறது என்பதை அறியாமல் போட்டால் காசும் போகும், சுவரும் போகும். தீவகத்துப் பழைய வீட்டைக் குளிரூட்டுவது பெரும்பகுதி ஈரத்தோடு நடக்கும் போராட்டம். வெப்பம் அதில் ஒரு பங்குதான்.

ஒரு கன மீற்றர் காற்றுக்குள்

வளிச்சீராக்கி பிறந்ததே ஈரத்தை அடக்கத்தான். 1902இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தில் கோடைக்காலப் புழுக்கத்தில் தாள் ஈரத்தை உறிஞ்சி விரிந்தது. ஒரு நிறத்தின்மேல் அடுத்த நிறம் பொருந்தாமல் விலகியது. அதைத் தீர்க்க வில்லிஸ் கரியர் என்ற இளம் பொறியியலாளர் வடிவமைத்த அமைப்பைத்தான் இன்றைய ஏசியின் தொடக்கம் என்கிறார்கள். மனிதருக்குக் குளிர்மை தருவது அதன் முதல் நோக்கமாக இருக்கவில்லை.

தீவகத்தில் பங்குனி, சித்திரை மாத மாலைப்பொழுது ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை 30 பாகை செல்சியஸ், சாரீரப்பதன் 80 வீதம் என்று வைப்போம். அந்தக் காற்றின் ஒவ்வொரு கன மீற்றரிலும் ஏறத்தாழ 24 கிராம் நீர் ஆவியாகக் கலந்திருக்கும். அறைக்குள் 24 பாகையில் வசதியாகப் படுத்திருக்க வேண்டுமானால் அது 12 கிராம் அளவுக்குக் குறைய வேண்டும். மீதி 12 கிராமை ஏசியின் குளிர்ச்சுருள் நீராக்கி வடிக்க வேண்டும்.

ஆவி நீராகும்போது தன்னுள் இருக்கும் மறைவெப்பத்தை வெளிவிடும். அந்த 12 கிராமிலிருந்து வெளிவருவது சுமார் 29 கிலோயூல். அதே கன மீற்றர் காற்றை 30 பாகையிலிருந்து 24 பாகைக்கு இறக்க எடுக்க வேண்டிய வெப்பமோ சுமார் 7 கிலோயூல்தான். வெளியிலிருந்து கசிந்து வரும் தீவுக் காற்றைப் பொறுத்தவரை, இயந்திரம் குளிராக்கச் செய்யும் வேலையைவிட உலர்த்தச் செய்யும் வேலை நான்கு மடங்கு.

இனி அறைக்குப் போவோம். நீளமும் அகலமும் 4 மீற்றர், உயரம் 3.5 மீற்றர் என்றால் 56 கன மீற்றர் காற்று. ஓட்டு இடுக்காலும் சுவர்த் தலைப்பாலும் யன்னல் சட்டத்தாலும் வெளிக்காற்று புகுந்து அந்த அறையின் காற்று மணித்தியாலத்துக்கு நான்கு தடவை மாறினால், அந்தக் கசிவை ஈடுசெய்யவே 2.2 கிலோவோற்று அளவு குளிரூட்டல் தேவை. ஒரு தொன் ஏசியின் முழுத்திறன் 3.5 கிலோவோற்று. (ஒரு தொன் பனிக்கட்டி 24 மணித்தியாலத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்திலிருந்து வந்த அளவு அது.) இயந்திரத்தின் மூன்றில் இரண்டு பங்கு கசிவுக்கே போய்விடும். இடுக்குகளை அடைத்து அந்தப் பரிமாற்றத்தை ஒரு தடவையாகக் குறைத்தால் இந்தச் சுமை கால்வாசியாகிவிடும். புதிய இயந்திரம் வாங்காமலே கிடைக்கும் குளிர்மை இது.

காற்றை அழைக்கும் வீடு

இந்தக் கசிவைப் பழைய கொத்தனாரின் குறை என்று எண்ணக்கூடாது. நாற்சார் வீடு காற்றை உள்ளே அழைக்கவே கட்டப்பட்டது. நடுவே முற்றம், அதைச் சுற்றி விறாந்தை, அதற்குப் பின்னே அறைகள். உள்நோக்கிச் சரியும் கூரையின் மழைநீர் பீலி வழியே இறங்கும். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகமும், மார்கழி, தையில் வடகிழக்கிலிருந்து வரும் வாடையும் அந்த வீட்டுக்குள் தாராளமாக நுழைந்து வெளியேறும். உடலின் வியர்வையை உலர்த்துவது அந்த ஓட்டம்தான்.

இக்கட்டு வருவது இரண்டு காற்றுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரையில். காற்று விழுந்துவிடும், கடல் கண்ணாடிபோல் கிடக்கும், புழுக்கம் ஏறும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அந்நேரம் சுவரில் வெயில் படுவதே அரிது. அத்தனையும் கூரையில் விழுகிறது. சூடேறிய ஓடு கீழே இருப்பவர்மேல் வெப்பத்தைக் கதிராக வீசுகிறது. முற்பகலும் பிற்பகலும் சரிந்து விழும் வெயிலைத் தடித்த கல்சுவர் உள்வாங்கி மெல்ல மெல்லக் கடத்துவதால் அந்தச் சூடு அறைக்குள் வந்து சேர இரவாகிவிடுகிறது. வெளியே விறாந்தையில் படுத்தால் சுகம், அறைக்குள் புழுக்கம் என்று பெரியவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

ஆகவே முதல் செலவு கூரைக்கு. ஓட்டுக்குக் கீழே, சிறிது காற்றிடைவெளி விட்டு, பளபளக்கும் அலுமினியத் தாளை விரித்தால் கதிர்வீச்சின் பெரும்பகுதி தடுக்கப்படும். அதன்கீழ் சீலிங், சீலிங்குக்கு மேலே வெப்பக்காப்பு. இந்த வேலை முடிந்த பிறகே எத்தனை தொன் ஏசி என்று பேச வேண்டும்.

ரொறன்ரோ முறை இங்கே ஏன் பொருந்தாது?

கனடா வீடுகளில் குளிர்காலச் சூடாக்கலுக்காக நிலக்கீழ் அறையில் உலை இருக்கும். அங்கிருந்து ஒவ்வோர் அறைக்கும் காற்றுக்குழாய் ஓடும். கோடையில் அதே குழாய் குளிர்ந்த காற்றைக் கொண்டுபோகிறது. சென்ரல் ஏசியின் பாதி வேலை வீடு கட்டும்போதே முடிந்துவிடுகிறது. தீவக வீட்டில் குழாயும் இல்லை, அது ஓட இடமும் இல்லை.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஈரம் நகரும் திசை. கனடாவின் பனிக்காலத்தில் உள்ளே இருக்கும் ஈரம் குளிர்ந்த வெளிச்சுவரை நோக்கி நகர்கிறது. அதைத் தடுக்கச் சுவரின் உட்பக்கம் பொலித்தீன் தாள் வைப்பார்கள். இங்கே ஏசி அறையில் எல்லாம் எதிர்மாறு. வெளியே இருக்கும் ஈரம் குளிர்ந்த உட்சுவரை நோக்கி வருகிறது. மேலே சொன்ன மாலைக்காற்றின் பனிபடுநிலை 26 பாகை. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பில் அந்தக் காற்று பட்டாலும் வியர்க்கும். உட்சுவரில் பிளாஸ்ரிக் பெயின்ற் பூசியோ தாள் ஒட்டியோ மூடிவிட்டால் வந்த ஈரம் அதன் பின்னால் சிக்கும். பிறகு பூஞ்சணம்.

நெடுந்தீவின் மதில்களிலும் ஒல்லாந்தர் கோட்டையிலும் காணும் முருகைக்கல் நுண்துளை நிறைந்தது. பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்தும் அப்படித்தான். ஈரத்தை வாங்கி, பிறகு விட்டு, சுவர் தன்னைத்தானே உலர்த்திக்கொள்கிறது. கடலோரச் சுவரில் ஈரத்தோடு உப்பும் இருக்கும். வெளியே சீமெந்துப் பூச்சு, உள்ளே பளபளப்புப் பெயின்ற் என்று இருபுறமும் அடைத்துவிட்டு ஏசி போட்டால் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி வளர்ந்து அதை உதிர்க்கும். ‘சுவர் பொரிகிறது’ என்று பார்க்கும் சேதத்தில் பெரும்பங்கு இது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்புமே உகந்தவை.

அறையைத் தெரிவு செய்தல்

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் வழி தெளிவாகிறது. முற்றமும் விறாந்தையும் திறந்தே இருக்கட்டும், அங்கே மின்விசிறி போதும். நொடிக்கு 0.8 மீற்றர் வேகத்தில் காற்று உடலில் பட்டாலே வெப்பநிலை சுமார் 3 பாகை குறைந்ததுபோல் இருக்கும். குளிரூட்ட வேண்டியது படுக்கையறைகளை, அதிலும் முதியவரும் குழந்தையும் உறங்கும் அறைகளை. அந்த இரண்டு, மூன்று அறைகளின் சீலிங்கையும் யன்னல் சட்டங்களையும் கதவின் அடியையும் இறுக்கமாக அடைக்க வேண்டும். யன்னலுக்கு மேலுள்ள மரச்சட்டகத் துவாரங்களுக்குக் கழற்றி மாட்டக்கூடிய கண்ணாடி போட்டால் சோளகம் வந்ததும் எடுத்துவிடலாம்.

இந்த அறைகளுக்கு இரண்டு முறைகள் ஏற்றவை. ஒன்று, ஒரே வெளி யூனிற்றிலிருந்து பல அறைகளுக்குச் செப்புக் குழாய் கொண்டுபோகும் முறை. சுவரில் சிறிய துளை ஒன்று போதும். ஜப்பானின் டைகின் நிறுவனம் 1982இல் பெரிய கட்டடங்களுக்காக அறிமுகப்படுத்திய வீ.ஆர்.வீ. முறை இதே வகையின் விரிவான வடிவம். மற்றது, சுமார் 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வளையும் குழாய்களில் வேகமாகக் காற்றை அனுப்பும் முறை. அமெரிக்காவில் பழைய வீடுகளின் தோற்றம் கெடாமல் இருக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். சீலிங்குக்கு மேலே ஓடும் குழாயின் வெப்பக்காப்பில் விரலளவு இடைவெளி விட்டாலும் 26 பாகைப் பனிபடுநிலைக் காற்று அங்கே வியர்த்துச் சீலிங்கை நனைத்துவிடும்.

வேலைக்கு வருபவர் அறையைப் பார்த்தவுடனே ‘இதுக்கு ரெண்டு தொன் போடுங்கோ’ என்றால் அவரை மரியாதையாக அனுப்பிவிடுங்கள். கூரை, சுவர், யன்னல், திசை, ஆட்கள், கசிவு எல்லாவற்றையும் அளந்து வெப்பச் சுமை கணக்கிடுவதே முறை. தேவைக்கு மிஞ்சிய இயந்திரம் அறையைச் சட்டென்று குளிர்த்திவிட்டு நின்றுவிடும். சுருளில் திரண்ட நீர் வடிந்து முடியாமல் மீண்டும் அறைக்காற்றில் ஆவியாகும். குளிராகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும் அறைகள் அப்படித்தான் உருவாகின்றன. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற்ற தொழினுட்பவியலாளரா என்று கேளுங்கள். குழாய் பூட்டியபின் நைதரசனால் அழுத்தச் சோதனை செய்வாரா, வெற்றிடப் பம்பியால் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுப்பாரா என்றும் கேளுங்கள். முருகைக்கல்லைச் சுத்தியலும் உளியும் கொண்டு உடைக்கவிடாதீர்கள், கல் பொடிந்துவிடும். சுழலும் வைரத் துளைப்பானால் மெதுவாகத் துளைக்க வேண்டும்.

உப்பும் வடிநீரும்

வெளி யூனிற்றில் செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கும். உப்பு நீர் படிந்தால் இரண்டுக்கும் இடையே மின்கலத்தில் நடப்பதுபோன்ற வேதிவினை தொடங்கி அலுமினியம் அரிக்கப்படும். கடற்கரையோரத்தில் சாதாரண யூனிற் விரைவில் கெடுவது இதனால்தான். அரிப்புத் தடைப் பூச்சுள்ள சுருளைக் கேட்டு வாங்குங்கள். கடற்காற்று நேரே அறையாத மறைவில், ஆனால் சூடு வெளியேற இடம் விட்டு வையுங்கள். மழை படாத மூலையில் உப்பு கழுவப்படாமல் சேரும் என்பதால் அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

நெடுந்தீவில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? விடை ஏசியிடமே இருக்கிறது. இறுக்கமாக அடைத்த அந்த 56 கன மீற்றர் அறையில், மணித்தியாலத்துக்கு ஒரு முறை காற்று மாறினால், 8 மணித்தியாலத்தில் ஏறத்தாழ 5 லீற்றர் நீர் வடியும். காற்றிலிருந்து வந்த நீர் என்பதால் உப்பு கிட்டத்தட்ட இல்லை. குடிக்கக்கூடாது, ஆனால் வெளி யூனிற்றைக் கழுவ அதைவிடச் சிறந்தது கிடைக்காது. வடிகுழாயை நிலத்தில் விடாமல் ஒரு மூடிய பீப்பாயில் விடுங்கள்.

மின்சாரம் யாருடையது?

வேலணை, புங்குடுதீவுக்குத் தேசிய மின்வலையமைப்பிலிருந்து மின்சாரம் வருகிறது. நயினாதீவும் நெடுந்தீவும் அனலைதீவும் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பி இருந்தவை. அந்த டீசலும் படகில் வர வேண்டும். இம்மூன்று தீவுகளுக்கும் காற்று, சூரிய ஒளி இணைந்த மின்திட்டத்துக்கு இந்திய நன்கொடை உடன்பாடு 2022 மார்ச்சிலும், பெங்களூரு நிறுவனம் ஒன்றுடனான ஒப்பந்தம் 2024 மார்ச்சிலும் கைச்சாத்தாயின. திட்டத்தின்படி சூரிய மின்சாரம் 1,700 கிலோவோற்று, காற்று மின்சாரம் 530 கிலோவோற்று, பற்றரிச் சேமிப்பு 2,400 கிலோவோற்றுமணி, அவசரத்துக்கு 2,500 கிலோவோற்று டீசல்.

ஏசி ஓடுவது இரவில். அப்போது சூரியன் இல்லை. பங்குனி, சித்திரையில் காற்றும் இல்லை. டீசலைத் தவிர்த்தால் மிஞ்சுவது பற்றரி. வீடு முழுவதற்கும் 5 தொன் ஏசி போட்டு அது சராசரியாக 4 கிலோவோற்று இழுத்தால், 8 மணித்தியால இரவுக்கு 32 கிலோவோற்றுமணி. அப்படி 75 வீடுகள் இருந்தாலே மூன்று தீவுகளின் பற்றரியும் தீர்ந்துவிடும். ஒரு படுக்கையறைக்குச் சரியான அளவு இன்வேட்டர் ஏசி போட்டு அது சராசரியாக 0.7 கிலோவோற்று எடுத்தால், அதே சேமிப்பு 400க்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போதும். இத்தீவுகளில் உங்கள் வீட்டுச் சென்ரல் ஏசி பக்கத்து வீட்டு வெளிச்சத்தோடும் வைத்தியசாலைக் குளிர்சாதனப் பெட்டியோடும் ஒரே பற்றரியில் பங்கு கேட்கிறது.

ஊர் திரும்பி வீட்டைத் திருத்துவோர் வேலையின் வரிசையை மனதில் வைக்க வேண்டும்: கூரை, கசிவு, சுவர்ப்பூச்சு, மின்விசிறி, அதன்பின் இயந்திரம். முதல் நான்கையும் ஒழுங்காகச் செய்துவிட்டால் ஐந்தாவது நீங்கள் நினைத்ததைவிடச் சிறியதாகவே தேவைப்படும். சில வீடுகளில் அது ஆண்டுக்கு இரண்டு மாதம் மட்டுமே ஓடும். மற்றப் பத்து மாதமும் அந்த வீடு எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலையைத் தானே செய்யும். திறந்து விட மட்டும் மறக்காதீர்கள்.